கோப்பை வாங்கிய சுத்தியலும் உளியும்

இருட்டியதும் பக்கத்து விடுதி அறையிலிருந்து "கர்ர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது. தொழிற்பயிற்சிப் பட்டறையில் படுத்திருந்த உளி பதறிப்போய், "என்ன அண்ணே அது, பேயா?" என்று சுத்தியலைக் கேட்டது.

"பேயுமில்லை, பிசாசுமில்லை," என்றது மேசையில் கிடந்த தாழ்ப்பாள். "வெல்டிங் படிக்கிற ஜெனிட்டா டிரங்குப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்குறா. என்னை வாங்கிட்டு வந்தாங்க, மாட்டத்தான் ஆளில்லை."

"கதவு மரம். அது தச்சுப் பிரிவு வேலை," என்றது ஃபிட்டர் பிரிவுச் சுத்தியல்.

"தாழ்ப்பாள் இரும்பு. அது உங்க வேலை அண்ணே," என்றது தச்சுப் பிரிவு உளி.

தாழ்ப்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெட்கமா இல்லை? கலைவிழாவுல ஒண்ணா தாளம் போட்டு, ஒற்றுமைக்குன்னு கோப்பை வாங்கினீங்களே! அந்த ஒற்றுமை மேடைக்கு மட்டுமா? நேத்து எவனோ அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தான். பிள்ளை விடியவிடியப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தா. எந்தப் பிரிவுக் கதவுன்னு பார்த்துக்கிட்டா அவன் தள்ளினான்?"

சுத்தியல் துள்ளி எழுந்தது. ஆணிகளை எழுப்பிக்கொண்டு, உளியோடும் தாழ்ப்பாளோடும் போய்க் கதவைத் தட்டியது.

"யாரு?" ஜெனிட்டா பெட்டியை விட்டு நகராமலே கேட்டாள்.

"பட்டறைக்காரங்கதான் ஜெனிட்டாம்மா. எப்பவோ வந்திருக்கணும்."

அவள் பெட்டியை நகர்த்தி வழிவிட்டாள். சுத்தியல் அடிக்க, உளி கதவு நிலையில் குழி வெட்டியது.

"மெதுவா அண்ணே, மண்டை பிளக்குது!"

"பேசாம ஆழமா வெட்டுடா."

தாழ்ப்பாளை ஆணியடித்து மாட்டி முடித்ததும் சுத்தியலும் உளியும் வெளியே வந்தன. ஜெனிட்டா கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.