தினம் ஒரு பரீட்சை

"முதல்ல நீ மோந்து பாரு. என்ன வாசனை வருது?" என்றான் எட்டோரே.

அவன் மனைவி மிரெல்லாவுக்கு அலுத்துவிட்டது. அவர்கள் வீட்டு ஒயின் வியாபாரமே எட்டோரேயின் மூக்கை நம்பித்தான் ஓடுகிறது என்று இத்தாலியின் பீட்மான்ட் மலையடிவாரத்தில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கொஞ்ச காலமாக, பீப்பாய்களைப் பார்க்க வரும்போதெல்லாம் அவளுக்கு இந்தப் பரீட்சை.

"பெரிய மூக்குக்காரன் நீ. என்னை எதுக்குக் கேக்குற?"

"சும்மா சொல்லேன்."

இன்று அவள் வேண்டுமென்றே, கெட்டுப்போன பீப்பாயிலிருந்து கோப்பையில் பிடித்திருந்தாள். காடி நெடி குப்பென்று அடித்தது.

"ரோஜா வாசனை" என்று நீட்டினாள்.

அவன் வாங்கி, கண்மூடி, ஆழமாக முகர்ந்தான். "ஆமா. ரோஜாதான்."

அவளுக்குப் பகீரென்றது. "எட்டோரே, எப்பலேருந்து உனக்கு வாசனை தெரியல?"

"குளிர்காலத்துல எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுக்கு அப்புறம்." அவன் கண்ணைத் திறக்கவில்லை. "நீ சொல்றப்ப மட்டும் கொஞ்சம் மணக்குது."