தோடு போடும் ஞாயிறு

ஒரு பெண்ணின் நம்பிக்கை என்ன விலை? எர்கினுக்கு ஆறு ஞாயிறும் பன்னிரண்டு சூடான இறைச்சிச் சம்சாவும் ஆயின. கொள்ளை மலிவு, பேரம்கூடப் பேசவில்லை.

பிஷ்கெக் நகரத்து அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு நாணல் குளமும் பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும். அவ்வளவுதான் அந்தச் சரணாலயம். அங்கே சீட்டுக் கிழிப்பதும் பறவைகளுக்குக் காவல் இருப்பதும் மீரிம் ஒருத்திதான்.

"வாங்க பைகே. இன்னிக்கும் வாத்து பாக்கத்தானா?"

"இன்னும் என்ன அண்ணன் முறை? பேர் சொல்லிக் கூப்பிடு. அடுத்த ஞாயிறு அம்மாவைக் கூட்டிட்டு வந்து உனக்குத் தோடு போடச் சொல்றேன்."

தோடு போட்டுவிட்டால் நிச்சயம் ஆன மாதிரிதான். மீரிம் சிவந்துபோய்ச் சம்சாவைப் பிட்டாள். "அவங்களுக்கு வாத்து பிடிக்குமா?"

"மருமகளைப் பிடிக்கும்."

அவள் சிரித்து முடிப்பதற்குள் எர்கின் பேச்சை மெல்ல மேலே ஏற்றினான். "கோபுரத்துல ராஜாளி கூடு கட்டியிருக்காமே?"

"உஷ்! வெளிய சொல்லிடாதீங்க. மூணு முட்டை. திங்கக்கிழமை இங்க லீவு, ஈ காக்கா இருக்காது. நினைச்சாலே பயமா இருக்கு."

"நான் இருக்கேன்ல?" என்று கையைத் தட்டிக் கொடுத்தான். அவள் கண் கலங்கியது. அவனுக்கே ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது.

மறுநாள் விடிவதற்குள் உறுத்தல் ஆறிவிட்டது. ராஜாளி வளர்க்கும் வளைகுடா சீமான்களுக்கு முட்டை கடத்துகிறவன் தெருமுனையில் காரோடு காத்திருந்தான். மூன்றுக்கும் சேர்த்து ஒரு வீட்டின் விலை பேசியிருந்தான்.

எர்கின் வேலி தாண்டி, துருப்பிடித்த ஏணியில் ஏறினான். அடைகாக்கும் ராஜாளி மண்டையைப் பிளக்கும் என்று பயந்து ஹெல்மெட் மாட்டியிருந்தான். ஆனால் கூட்டிலும் பறவை இல்லை, வானத்திலும் இல்லை. நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

முட்டைகளைக் கம்பளித் துணியில் சுற்றி மார்புக்குள் வைத்துக்கொண்டு பூப்போல இறங்கினான்.

ஏணியடியில் மீரிம் நின்றிருந்தாள். இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள்.

அவர்களில் ஒருவர் ஒரு முட்டையை வாங்கி ஏணிக் கம்பியில் தட்டினார். 'டக்' என்றது. சாயம் பூசிய மரம்.

திருடனாக இருந்தால் என்ன, எர்கினுக்கு நிஜமாகவே வலித்தது. "நேத்து கண்ணு கலங்கினியே மீரிம், அதுவும் பொய்யா? நம்பினவன் கழுத்தை இப்படியா அறுப்பே?"

"கோவிச்சுக்காதீங்க பைகே. இந்த வருஷம் எனக்கு நீங்க நாலாவது மாப்பிள்ளை. மத்த மூணு பேரும் ஏற்கெனவே மாமியார் வீட்டுலதான்!"