மெர்லுக்கு ஒரு கோல்

“பத்தொன்பது அவுன்ஸ் எடை. பிடியில நூல் சுத்த வேணாம், எங்க வீட்டுக்காரரு மெர்லுக்கு வெறும் மரம் கையில படணும்” என்றாள் டார்லின்.

பில்லியர்ட்ஸ் ஆடும் கோல்களைக் கையாலேயே செய்து தரும் வெர்னன் எழுதிக்கொண்டார்.

“எங்கிட்ட வரிசை நீளம்மா, மூணு வருஷமாகும். டொலீடோவுல ஒருத்தர் மூணே மாசத்துல குடுப்பாரு. வேலையும் சுத்தம்.”

“தெரியுங்க. அதான் அங்க போகல.”

“புருஷன்மேல அம்புட்டு கோவமா?” என்று சிரித்தார்.

“டாக்டர் ஆறு மாசம்னு சொல்லிட்டாருங்க. ஆனா இந்த மனுஷன், ஆர்டர் குடுத்த கோலைக் கையில வாங்காம எங்கயும் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. எனக்கு அவரு இன்னுங் கொஞ்ச நாள் வேணுங்க.”

வெர்னன் ரசீதில், ‘ஏழு வருடம் ஆகும்’ என்று எழுதி நீட்டினார்.