முயலுக்கு முன்னால்

“‘ஹுத்தான்’னு சொல்லிடாதே, ‘காடு’ன்னு சொல்லணும். பயப்படாம போ!”

கணேசமூர்த்தி வாத்தியார் பூங்காவனத்தின் தோளைத் தட்டி மேடைக்கு அனுப்பினார்.

யுத்தம் முடிந்து ஜப்பான்காரன் மலாய் நாட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. காஜா பெராங்கில் இருந்த அந்தச் சின்னத் தமிழ்ப் பள்ளியில் அன்று கதை சொல்லும் போட்டி. பெற்றோர்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

பூங்காவனத்துக்குப் பத்து வயது. அப்பா இல்லை. அம்மா சாரதாம்பாள் சமையல் வேலை செய்த மலாய் வீட்டிலேயே வளர்ந்தவள். மூன்று மாதத்துக்கு முன் இந்தப் பள்ளியில் சேர்ந்தபோது மலாய் கலக்காமல் ஒரு வாக்கியம் பேச வராது. காகம், ஆமை, சிங்கம் என்று தினம் ஒரு கதை சொல்லி, அதையே அவளைத் திருப்பிச் சொல்லவைத்துத் தமிழைப் பழக்கியவர் கணேசமூர்த்திதான்.

“ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. தினமும் ஒரு மிருகம் முறைப்படி அதற்கு இரையாகப் போகவேண்டும்.”

குரல் கணீரென்று வந்தது. வாத்தியார் பெருமையோடு தலையாட்டினார்.

“யார் போவது என்று ஒரு நரி பெயர் எழுதியது. ஒருநாள் நரியின் தம்பி முறை வந்தது. நரி தம்பியின் பெயரை அடித்துவிட்டு மானின் பெயரை எழுதியது. மானுக்கு ஒரு குட்டி இருந்தது. மான் அழுதுகொண்டே போனது.”

வாத்தியாரின் தலை ஆடவில்லை.

“முயல் கதைக்கு வாம்மா” என்றார் மெதுவாக.

“அப்புறம் முயல் போனது. சிங்கத்தைக் கிணற்றில் விழவைத்தது. எல்லா மிருகங்களும் சந்தோஷப்பட்டன. மான் மட்டும் திரும்பி வரவில்லை.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைமையாசிரியர் தேவதாஸ் எழுந்தார்.

“ஒரு மலாய் வார்த்தைகூடக் கலக்கலையே! முதல் பரிசு உனக்குத்தான். ஆனா இந்தக் கதையில நரி எங்கேயிருந்து வந்துச்சு?”

“அம்மாதான் சேர்த்துக்கச் சொன்னாங்க சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் சாரதாம்பாள் எழுந்து நின்றாள்.

“நரின்னு நான் சொன்னது எங்க தோட்டத்துல கணக்கெழுதின கிராணியைத்தாங்கய்யா. அவர் தம்பி பேரை அடிச்சிட்டு, என் வீட்டுக்காரர் பேரை எழுதி, ஜப்பான்காரன் ஆளுங்களைச் சாகடிச்சுப் போட்ட சயாம் ரயில் பாதைக்கு அனுப்பினவர். அந்தக் கிராணி உயிரோட இருக்கார்னு, போன வாரம் நான் இவளைக் கூப்பிட இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது.”

அவள் விரல் நீண்ட பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். அங்கே, பூங்காவனத்துக்குக் கொடுக்கவேண்டிய பரிசுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் வெளுத்து நின்றார் கணேசமூர்த்தி வாத்தியார்.