எது எங்கே கிடந்தது

நூல் ஆலையில் இரவு வேலை முடிந்து வந்தவள், கதவைத் திறந்ததும் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டதுபோல் நின்றாள். தரை பளிச்சென்று இருந்தது.

"உள்ள வா, உன் வீடுதான்," என்றாள் அண்ணி, கையில் துடைப்பத்தோடு. கீழ்வீட்டில் இருப்பவள். இவள் மகள் சாயங்காலம் இங்கே இருந்துவிட்டு, இரவில் தூங்குவது அவளிடம்தான். "எலிகூட வழி கேட்டுத்தான் போகணும்போல அப்படிக் கிடந்துச்சு."

"எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டீங்களா அண்ணி?"

"இடுப்பு ஒடிய வேலை செஞ்சிருக்கேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறியே."

"அவ ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள எனக்கு மில் வேன் வந்துடுது. நான் திரும்புறதுக்குள்ள அவ ஸ்கூலுக்குப் போயிடுறா. ஞாயித்துக்கிழமைதான் முகத்தையே பார்க்கிறோம். கலைஞ்சு கிடக்கிறதை வச்சுத்தான், இங்க உட்கார்ந்து படிச்சா, இங்க விளையாடினான்னு தெரிஞ்சுக்குவேன். நேத்து என்ன செஞ்சான்னு தெரியலையே அண்ணி."

அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"கலர் பென்சிலெல்லாம் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு."

"அங்க படுத்துக்கிட்டு வரைஞ்சிருக்கா, கள்ளி. அப்புறம்?"

"இந்த நாற்காலி ஜன்னல் ஓரமா இருந்துச்சு. உன் பழைய மில் சட்டையைச் சுருட்டி அதுல வச்சிருந்தா."

இவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்த ஜன்னலில் தெரிவது, வேன் வந்து நிற்கும் தெருமுனை மட்டும்தான்.

அண்ணி நாற்காலியைத் தூக்கி, பழையபடி ஜன்னல் ஓரமாகப் போட்டாள். இவள் அதில் உட்கார்ந்து, யாருமில்லாத தெருமுனையைப் பார்த்தாள்.