யார் மேய்ந்த புல்

"உன் ஆடுதான் நுஸ்லா, வேற யாரு?" வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இராஜகுமாரி கத்தினாள். கையில் நுனி போன புல் கொத்து ஒன்று.

"வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா எங்க ஆடு கயித்துலதான் நிக்குது. ஆடு கடிச்சா வேரோட பிடுங்கிட்டு வரும், ராஜி. இது நுனி மட்டும்தானே போயிருக்கு, பாருங்க" என்றாள் பக்கத்து வீட்டு நுஸ்லா.

இராஜகுமாரி பார்க்கவில்லை. கோபம் வந்துவிட்டால் அவளுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

சீகிரியாவில் ஒரு ஹோட்டல்காரர் அழகுப் புல் கேட்டிருந்தார், பூத்தால் நரிவால் மாதிரி ஆடும் புல். நன்றாக வந்தால் தொடர்ந்து வாங்குவாராம். அது சரிவந்தால் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டாம். வராவிட்டால், பாஸ்போர்ட் அலமாரியில் தயாராகத்தான் இருந்தது.

தூசி மாதிரி விதை. மண்ணின் மேலே தூவி, பூவாளியில் ஊற்றினால் அடித்துப் போய்விடும் என்று கையால் தெளித்து, பல்லேபொல ஊர் வெயிலுக்குத் தென்னோலை போட்டு வளர்த்தாள். விரல் உயரம் வந்ததும் ஒரு வாரமாக யாரோ மேய ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

கணவன் உதயராஜ் மிளகுக் கொடிக்கு வாங்கி வைத்திருந்த பூச்சி மருந்து கூரையோர இறவாணத்தில் செருகியிருந்தது. அவன் த்ரீவீலரோடு மாத்தளைக்குப் போன பிறகு அதை எடுத்துக் கலக்கி, பாத்தி முழுக்க அடித்தாள். "திங்கட்டும். நல்லாத் திங்கட்டும்."

திரும்பியபோது பின்வாசலில் மாமியார் கிருஷ்ணம்மா நின்றாள். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே உழைத்து ஓய்ந்தவள். நினைவு தடுமாற ஆரம்பித்த பிறகுதான் மகன் இங்கே கூட்டி வந்தான். சில நாள் அவனையே யாரென்று கேட்பாள்.

"புல்லுப் பக்கம் போயிடாதீங்க மாமி. மருந்து அடிச்சிருக்கேன்."

"புல்லுல எனக்கு என்ன புள்ள வேலை? எனக்குத் தோட்டத்துக்கு நேரமாச்சு. கங்காணி ஏசுவாரு."

"சரி சரி, போயிட்டு வாங்க" என்று சிரித்தபடி அவளைக் குசினியில் உட்கார வைத்தாள். தினமும் நடக்கிற கூத்துதான்.

கை நாற்றம் போகச் சோப்புப் போட்டுக் குளித்து, துணிகளையும் துவைத்துப் போட்டாள். தலை வலித்தது. கொஞ்ச நேரம் படுத்தாள்.

ஆடு கத்தும் சத்தத்தில்தான் எழுந்தாள். வேலியோரம் அது கட்டிய இடத்திலேயே நின்றது. வயிறு தொங்கியது, சினை. நுஸ்லா குனிந்து அதற்குப் பலா இலை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இராஜகுமாரி பின்வாசலில் நின்று பார்த்தாள். வாயில்லாச் சீவன், வயிற்றில் குட்டி வேறு. என்ன பாவம் செய்யப் பார்த்தோம்! புல் போனால் போகட்டும், பாத்தியை இப்போதே ஓலையால் மூடிவிட வேண்டும் என்று கிளம்பினாள்.

அதற்குள் கிருஷ்ணம்மா கிளாஸை நீட்டினாள். "குடிச்சிட்டுப் போ புள்ள. மூஞ்சி வாடிக் கிடக்கு."

மாமியார் தானாக அடுப்பு மூட்டி ஒன்று செய்து எத்தனை நாளாயிற்று! அவளுக்குக் கண் கலங்கியது. இஞ்சி தட்டிப் போட்ட சூடான தேத்தண்ணி. நின்றபடியே மடமடவென்று குடித்து முடித்தாள்.

நாக்கில் ஒரு கசப்பு தங்கியது. அப்போதுதான் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த தேயிலை டின் கண்ணில் பட்டது.

"காலையிலேயே தூள் முடிஞ்சிருச்சே மாமி. எதைப் போட்டு ஊத்துனீங்க?"

கிருஷ்ணம்மா முந்தானையை உதறி மடித்தாள்.

"தூள் எதுக்கு புள்ள? தோட்டத்துலதான் இளங்கொழுந்தா நிக்குதே, நெதம் கிள்ளிட்டுத்தானே வாறேன்."