நடு மேஜை

கட்டடச் சொந்தக்காரர் கெஞ்சியதால் இன்ஜினியர்கள் கூரைக்கான கம்பியைக் குறைத்து டிசைன் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு அதே கட்டடத்துக்கு அவர்களுடைய கன்சல்டன்சி அலுவலகமே குடிவந்தது. இன்ஜினியர்கள் எல்லோரும் தூண்களை ஒட்டி மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கூடத்தின் நடுவிலிருந்த மேஜை, புதிதாகக் கணக்கு வேலைக்கு வந்த மெஹர்நிசாவுக்கு மிஞ்சியது.

"நல்ல இடத்தை எனக்கு விட்டுட்டீங்களே சார்!"

"ஃபேன் காத்து நேரா வரும்மா," என்றார் டிசைன் போட்ட பொன்னுரங்கம்.

மறுநாளிலிருந்து அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து, அவள் மேஜைமீது கூரையிலிருந்து உதிர்ந்திருக்கும் சிமெண்ட் தூளைக் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள்.

"எங்க அத்தா வயசு உங்களுக்கு. நீங்க போய் துடைக்கலாமா? குடுங்க சார்," என்று கைக்குட்டையைப் பிடித்தாள்.

அவர் விடவில்லை.